நல்ல இன்ஜினியரை எல்லாம் ப்ராஜெக்ட் மேனேஜர் ஆக்கலாமா? நெய்வேலியை வைத்து ஒரு குறிப்பு

சாப்ட்வேர் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. டீமில் யார் நன்றாக ப்ரோக்ராம் எழுதுகிறாரோ, அவரைப் பிடித்து ப்ராஜெக்ட் மேனேஜர் ஆக்கிவிடுவார்கள். ஒரே நாளில் கம்பெனிக்கு நல்ல ப்ரோக்ராமர் ஒருவர் குறைவார், சுமாரான மேனேஜர் ஒருவர் கூடுவார். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இந்தக் கணக்கை நிறைய இடத்தில் பார்த்தாச்சு. எங்கள் தொழிலில் இதனால் பெரிதாக என்ன ஆகிவிடும்? ரிலீஸ் மூன்று மாசம் தள்ளிப்போகும், கஸ்டமர் போனில் கத்துவார். அதற்கு மேல் பெரும்பாலும் ஒன்றும் இல்லை.

இதே பழக்கம் ஒரு சுரங்கத்திலோ அனல் மின் நிலையத்திலோ இருந்தால்? நான் வளர்ந்தது நெய்வேலி டவுன்ஷிப்பில். கொஞ்ச நாளாக ஓய்வு நேரத்தில் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு படித்து வருகிறேன்: பெரிய தொழிற்சாலைகள் தங்கள் ப்ராஜெக்ட் மேனேஜர்களை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன, எப்படிப் பழக்குகின்றன, எப்படி வளர்க்கின்றன? எப்படிச் செய்ய வேண்டும்? படித்ததில் தேறியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், அந்த ஆள் என்னதான் செய்கிறார்?

நம் வீட்டுக் கல்யாணங்களை நினைத்துப் பாருங்கள். எல்லாக் குடும்பத்திலும் ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். அவருக்குச் சமைக்கத் தெரியாது, மந்திரம் தெரியாது, நாதஸ்வரம் வாசிக்கத் தெரியாது. ஆனால் அவர் இல்லாவிட்டால் கல்யாணம் நடக்காது. முகூர்த்தம் முடிந்ததும் முதல் பந்திக்கு இலை போட்டிருக்க வேண்டும் என்பது சமையல்காரரின் கவலையும் இல்லை, ஐயரின் கவலையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சந்து அவருடைய கவலை. மாப்பிள்ளை வீட்டு பஸ் விழுப்புரத்தில் நின்றுவிட்டது என்று செய்தி வந்தால், அவர்தான் ஐயரிடம் போய்க் காதோடு பேசுவார், அப்படியே சமையல்கட்டுக்குப் போய் காபியை இன்னொரு ரவுண்டு விடச் சொல்வார்.

ப்ராஜெக்ட் மேனேஜரின் வேலையும் இதுதான். ஒவ்வொரு துறைக்கும் ஒரு தலைவர் இருக்கிறார். துறைக்கும் துறைக்கும் நடுவில் உள்ள சந்துக்குத் தலைவர் கிடையாது. பெரிய திட்டங்கள் பெரும்பாலும் கெடுவது அந்தச் சந்தில்தான்.

இதைத் தனித் தொழிலாக உலகம் பார்க்கத் தொடங்கியதே ரொம்பப் பிந்தித்தான். பால் காடிஸ் என்பவர் 'ப்ராஜெக்ட் மேனேஜர்' என்ற தலைப்பிலேயே ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் கட்டுரை எழுதியது 1959-ல். திட்ட அட்டவணை போட இன்றைக்கும் பயன்படும் சி.பி.எம். முறையை டூபாண்ட் கம்பெனி உருவாக்கத் தொடங்கியது 1957 வாக்கில். அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக பெர்ட் முறையைக் கொண்டுவந்தது 1958-ல். நெய்வேலியில் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தது 1957 மே 20. அதாவது, நம்ம ஊர் மண்ணைத் தோண்டத் தொடங்கியபோது இந்தக் கலைக்குப் பாடப்புத்தகமே எழுதப்படவில்லை.

நெய்வேலியில் சந்துகள் எங்கே இருக்கின்றன?

நெய்வேலியின் தனித்தன்மை என்னவென்றால், இங்கே எதுவுமே தனியாக நிற்காது.

பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி ஈரம். தூரத்துக்கு அனுப்பினால் தண்ணீருக்கும் சேர்த்து வண்டிக்கூலி கொடுக்க வேண்டும். நிறைய நாள் குவித்து வைத்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். ஆகவே சுரங்க வாசலிலேயே மின் நிலையம் இருந்தாக வேண்டும், இரண்டும் கூடவே ஓட வேண்டும். மின் நிலையம் தயாராகி சுரங்கம் தயாராகாவிட்டால் கொதிகலன் சும்மா நிற்கும். சுரங்கம் முந்திக்கொண்டால் எடுத்ததை வைக்க இடம் இருக்காது.

அடுத்தது தண்ணீர். நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தம் நிறைந்த ஆர்ட்டீசியன் ஊற்று இருக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கித் தள்ளும் அழுத்தம். மேலே இருக்கும் மண்ணை எடுத்துவிட்டு அப்படியே விட்டால், கீழே இருக்கும் தண்ணீர் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அதனால் இராப்பகலாக பம்ப் ஓட வேண்டும். பம்ப் போடும் துறையின் அட்டவணையும் மண் வெட்டும் துறையின் அட்டவணையும் ஒரு வாரம் பிசகினாலும் ஆபத்து.

அப்புறம் மேல் மண். அது கடலூர் மணற்பாறை. ஜெர்மனியில் இருந்து வந்த பக்கெட் வீல் இயந்திரங்களின் பற்களைத் தேய்த்துவிடும் அளவுக்குக் கடினம். எல்லாவற்றுக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இவ்வளவு பெரிய திறந்த குழிக்கு மழை என்பது விருந்தாளி இல்லை.

கடைசியாக நிலம். சுரங்கம் ஒரே இடத்தில் நிற்கும் தொழிற்சாலை கிடையாது. நிலத்தைத் தின்றுகொண்டே நகர்வது. அது நகரும் திசையில் ஊர் இருக்கும், வயல் இருக்கும், ஆறு இருக்கும்.

இந்த நாலு சந்துகளில் முதல் மூன்றை நெய்வேலி எழுபது வருஷத்தில் நன்றாகவே கற்றுக்கொண்டது. இன்ஜினியர்களுக்குப் பிடித்த சந்துகள் அவை: அளக்க முடியும், கணக்குப் போட முடியும். நாலாவதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

பரவனாறு, 2023 ஜூலை

இரண்டாம் சுரங்கம் நகரும் வழியில் பரவனாறு ஓடுகிறது. ஆற்றை நிரந்தரமாகத் திருப்பிவிட 12 கிலோமீட்டர் கால்வாய். பத்தரை கிலோமீட்டர் முடிந்துவிட்டது, மிச்சம் ஒன்றரை கிலோமீட்டர்தான் என்று நிறுவனம் சொன்னது. அந்த மிச்சம் சேத்தியாத்தோப்பு பக்கத்தில் வளையமாதேவி வழியாகப் போக வேண்டும்.

நிலம் பல வருஷங்களுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது. ஆனால் களத்தில் யாரும் வந்து எடுத்துக்கொள்ளவில்லை. விவசாயிகள் அதே வயலில் தொடர்ந்து நெல் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2023 ஜூலை கடைசியில் இயந்திரங்கள் இறங்கியபோது வயலில் பயிர் நின்றது. பச்சை நெல்லின் மேல் மண் வெட்டும் இயந்திரம் ஓடும் காட்சியைத் தமிழ்நாடே டிவியில் பார்த்தது. ஜூலை 28 அன்று நெய்வேலியில் நடந்த போராட்டம் வன்முறையில் முடிந்தது. அறுவடை வரை பொறுக்க முடியாதா என்று உயர் நீதிமன்றம் கேட்டது. சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவானது.

நிறுவனத்தின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். சட்டப்படி நிலம் அவர்களுடையது. பயிரிட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்ததாகச் சொன்னார்கள். மழைக்கு முன் கால்வாய் முடியாவிட்டால் சுரங்கத்தில் வெள்ளம் புகும். நிலக்கரி நின்றால் மின்சாரம் நிற்கும்.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல இதை எழுதவில்லை. ப்ராஜெக்ட் மேலாண்மைக் கண்ணால் மட்டும் பார்க்கிறேன். எந்தத் திட்ட அட்டவணையிலும் 'நிலம் கையகப்படுத்தல்' என்று ஒரு வரி இருக்கும். பத்திரம் முடிந்ததும் அந்த வரிக்கு நூறு சதவீதம் என்று பச்சை அடித்துவிடுவார்கள். ஆனால் காகிதத்தில் நிலம் கிடைப்பதும் களத்தில் நிலம் கிடைப்பதும் ஒன்றா? இரண்டுக்கும் நடுவில் வருஷக்கணக்கான ஒரு சந்து இருந்தது. அந்தச் சந்தில் நெல் முளைத்தது. நாற்று விடுவதற்கு முன் போய்ப் பேசியிருந்தால் செலவு ஒரு தொகை. கதிர் விடும் நேரத்தில் போனதால் பயிர் போச்சு, ஊரின் நம்பிக்கை போச்சு, அடுத்த ஏக்கருக்கு எந்த விவசாயியும் எளிதில் கையெழுத்துப் போட மாட்டார் என்ற நிலையும் வந்தது.

கால்வாய் வெட்டத் தெரிந்த இன்ஜினியர் நம்மிடம் நூறு பேர் இருக்கிறார்கள். ஏப்ரல் மாசமே வயல் வரப்பில் நடந்து, ஜூலையில் இங்கே என்ன நிற்கும் என்று கேட்கிற ஆளை எந்தத் தேர்வு வைத்துக் கண்டுபிடிப்பது?

தேர்வு: எதை அளக்கிறோம்?

என்.எல்.சி. உட்பட பல பொதுத்துறை நிறுவனங்கள் இளம் இன்ஜினியர்களை கேட் மதிப்பெண்ணையும் நேர்காணலையும் வைத்து எடுக்கின்றன. இன்ஜினியர் எடுக்க அது நல்ல முறைதான், குறை சொல்ல மாட்டேன். சிக்கல் அதற்குப் பிறகு. இருபது இருபத்தைந்து வருஷம் கழித்து ஒரு திட்டத்துக்குத் தலைவர் தேவைப்படும்போது, தன் துறையில் யார் கெட்டிக்காரர், யார் சீனியர் என்றே பார்க்கிறோம். அரசுத் துறை, தனியார், சாப்ட்வேர் எல்லாவற்றிலும் இதே கதைதான்.

இது எவ்வளவு தப்பான அளவுகோல் என்று ஆராய்ச்சி இருக்கிறது. பணியாளர் தேர்வு முறைகள் பற்றிய பல பத்தாண்டு ஆய்வுகளைச் சேர்த்து 2022-ல் சாக்கெட் குழுவினர் ஒரு மறு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு தேர்வு முறை பிற்கால வேலைத்திறனை எவ்வளவு சரியாகக் கணிக்கிறது என்பதற்கு ஒரு எண். 1 என்றால் கச்சிதம், 0 என்றால் பூவா தலையா. எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்பே எழுதிவைத்த அளவுகோலால் மதிப்பெண் போடும் நேர்காணலுக்கு 0.42. வேலையின் ஒரு துண்டையே செய்துகாட்டச் சொல்லும் தேர்வுக்கு 0.33. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்க' என்று தொடங்கி மனம்போன போக்கில் பேசும் நேர்காணலுக்கு 0.19. வேலை பார்த்த வருஷங்களின் எண்ணிக்கைக்கு? வெறும் 0.07.

சீனியாரிட்டி என்று நாம் கும்பிடும் சாமிக்கு இருக்கும் சக்தி அவ்வளவுதான். இந்த எண்கள் பொதுவாக எல்லா வேலைகளுக்கும் உரியவை, ப்ராஜெக்ட் மேனேஜருக்கு மட்டும் உரியவை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் திசை தெளிவு.

விற்பனைத் துறையை வைத்து பென்சன், லீ, ஷூ என்ற மூவர் செய்த ஆய்வு ஒன்று 2019-ல் வந்தது. நன்றாக விற்றவர்களைத்தான் அமெரிக்கக் கம்பெனிகள் மேனேஜர் ஆக்கின. அவர்களுக்குக் கீழே வேலை பார்த்தவர்களின் விற்பனையோ குறைந்தது. தன் கையால் சாதிப்பது ஒரு திறமை, பிறர் கையால் சாதிக்க வைப்பது வேறு திறமை.

அப்படியானால் எப்படித் தேர்வு வைப்பது? நான் வைத்தால் இப்படி வைப்பேன். ஒரு உண்மையான அட்டவணையைக் கையில் கொடுப்பேன்: கால்வாய், ஒன்றரை கிலோமீட்டர் மிச்சம், நிலம் நூறு சதவீதம், இயந்திரம் தயார், மாதம் ஏப்ரல், மழைக்கு ஆறு மாசம். ஒரே கேள்வி: 'அடுத்த வாரம் யார் யாரைப் போய்ப் பார்ப்பீங்க?' இயந்திரக் கான்ட்ராக்டர் பெயரை மட்டும் சொல்பவர் நல்ல இன்ஜினியர், அவரை அங்கேயே மரியாதையாக வைத்துக்கொள்ளலாம். 'வயலில் இப்ப யார் இருக்காங்க?' என்று திருப்பிக் கேட்பவரைக் குறித்து வைப்பேன். இரண்டாவது கேள்வி: 'நீங்க தொடங்கி, நீங்களே முடித்த ஒரு சின்ன வேலையைச் சொல்லுங்க. அதில் மேலதிகாரியிடம் கெட்ட செய்தியை எந்த நாளில் சொன்னீங்க?' தேதியோடு பதில் சொல்லத் தெரிந்தவர் பாதி தேறியவர்.

பயிற்சி: சர்டிபிகேட்டா, ஷட்டவுனா?

பயிற்சி என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது பி.எம்.பி. சர்டிபிகேட். பட்டதாரிகளுக்கு 36 மாச அனுபவம், 35 மணி நேர வகுப்பு, ஒரு தேர்வு. அது கெட்டது இல்லை. எல்லாரும் ஒரே மொழியில் பேசப் பழக்கும். ஆனால் டிரைவிங் தியரி படித்துவிட்டு மதுரை மாட்டுத்தாவணிக்குள் பஸ் ஓட்ட முடியுமா?

அந்தக் கல்யாண மாமா எங்கே படித்தார் என்று யோசியுங்கள். பன்னிரண்டு வயசில் பந்தியில் தண்ணீர் ஊற்றினார். இருபதில் காய்கறி வாங்கும் பொறுப்பு. முப்பதில் தங்கச்சி நிச்சயதார்த்தம் முழுக்க அவர் தலையில். நாற்பதில் கல்யாணம். ஒவ்வொரு படியிலும் வேலை சின்னது, ஆனால் முழுசு. தொடங்கியதும் அவரே, முடித்ததும் அவரே, சாம்பார் பற்றாமல் போனால் திட்டு வாங்கியதும் அவரே.

தொழிற்சாலையில் இப்படிச் சின்னதும் முழுசுமான வேலை கிடைக்குமா? கிடைக்கும். நெய்வேலியில் அது வருஷா வருஷம் நடக்கிறது: மின் நிலையத்தின் ஒரு யூனிட்டை நிறுத்திப் பிரித்துப் பூட்டும் ஓவர்ஹால். தொடக்க நாள் உண்டு, முடிவு நாள் உண்டு, பட்ஜெட் உண்டு. கொதிகலன், டர்பைன், எலக்ட்ரிக்கல், ஸ்டோர்ஸ், பாதுகாப்பு, கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் என்று எல்லாச் சந்துகளும் அதில் இருக்கின்றன. பிரித்துப் பார்த்த பிறகுதான் உள்ளே என்ன தேய்ந்திருக்கிறது என்று தெரியும், அதாவது எதிர்பாராத செய்திக்கும் பஞ்சமில்லை. சுரங்கப் பக்கம் பார்த்தால், மழைக்கு முன் செய்யும் வடிகால் ஏற்பாடு, கன்வேயர் இடம் மாற்றுவது எல்லாம் இதே ரகம்.

இதன் பெரிய லாபம், விடை சீக்கிரம் கிடைப்பது. பத்து வருஷத் திட்டத்தில் நீங்கள் எடுத்த முடிவு சரியா தப்பா என்று தெரிவதற்குள் தலை நரைத்துவிடும். ஓவர்ஹாலில் சில வாரத்தில் தெரிந்துவிடும். முப்பது வயதில் ஒருவருக்கு ஒரு யூனிட்டின் ஓவர்ஹாலை முழுசாகக் கொடுங்கள். பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் உட்காரட்டும், ஆனால் கையை வைக்க வேண்டாம். நாற்பது வயதுக்குள் அவர் ஐந்தாறு முறை தொடங்கி முடித்திருப்பார்.

சின்ன வயசில் முழுப் பொறுப்பு கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலம் உடைந்தது. ரயில்வே வைத்த கெடு ஆறு மாசம், மேலதிகாரி அதை மூன்று மாசமாகக் குறைத்தார். பொறுப்பு 32 வயசு ஸ்ரீதரன் கையில். 46 நாளில் ரயில் ஓடியது. கடலில் விழுந்த இரும்புக் கர்டர்கள் எங்கே கிடக்கின்றன என்று காட்டியதில் அங்கிருந்த மீனவர்களுக்குப் பங்கு உண்டு. பிற்காலத்து 'மெட்ரோ மேன்' உருவானதில் அந்த 46 நாளுக்குப் பெரிய இடம் இருக்கும் என்பது என் எண்ணம்.

வளர்ப்பு: நாற்காலியின் ஆயுள்

சரி, நன்றாகத் தேர்ந்தெடுத்தாச்சு, நன்றாகப் பழக்கியாச்சு. அதற்குப் பிறகு?

நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலைய விரிவாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு 250 மெகாவாட் யூனிட், மொத்தம் 500. மத்திய அரசு ஒப்புதல் தந்தது 2004-ல். முடிய வேண்டியது 2009. முடிந்தது 2015. அந்த அளவில் சி.எப்.பி.சி. வகைக் கொதிகலன் நம் நாட்டுக்கே புதுசு, ஆகவே தாமதத்துக்குத் தொழில்நுட்பக் காரணங்கள் உண்டு. நான் பார்ப்பது வேறு கணக்கு. 2004-ல் 50 வயசில் அந்தத் திட்டத்தில் சேர்ந்த ஒருவர் 2014-ல் ஓய்வு பெற்றிருப்பார். தான் தொடங்கியது முடிவதைப் பணியில் இருந்து பார்த்திருக்க முடியாது.

மேல் மட்டத்திலும் இதே நிலைதான். என்.எல்.சி.யில் திட்டமிடலுக்கும் ப்ராஜெக்டுகளுக்கும் என்றே ஒரு இயக்குநர் பதவி இருக்கிறது, நல்ல ஏற்பாடு. இப்படிப்பட்ட பதவிகளுக்கு ஆள் தேர்வு செய்வது மத்திய அரசின் பொதுத்துறை தேர்வு வாரியம். அதன் விதிப்படி, நிறுவனத்துக்குள்ளிருந்து வருபவருக்குக் குறைந்தது இரண்டு வருஷப் பணிக்காலம் பாக்கி இருந்தால் போதும். வெளியில் இருந்து வருபவருக்கு மூன்று. திட்டத்தின் ஆயுள் பத்து வருஷம், நாற்காலியின் ஆயுள் மூன்று வருஷம். முதலாமவர் கெடு வைப்பார், இரண்டாமவர் தாமதத்துக்கு விளக்கம் எழுதுவார், மூன்றாமவர் ரிப்பன் வெட்டுவார். மூன்று பேரில் யாருக்கும் முழுப்பாடம் கிடைக்காது. இதில் தனி மனிதர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஏற்பாடே அப்படி.

ஸ்ரீதரன் விஷயத்தில் இந்த ஏற்பாட்டைத்தான் உடைத்தார்கள். 1990-ல் ரயில்வேயில் ஓய்வு பெற்றவரைக் கூப்பிட்டு கொங்கண் ரயில்வேயைக் கொடுத்தார்கள். 700 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மலைப்பாதை, 1998-ல் முழுசாகத் திறந்தது. அடுத்து டெல்லி மெட்ரோ, 2011 முடிவு வரை. அவர் திறமையை எல்லாரும் பேசுகிறார்கள். அவருக்கு நாற்காலியில் கிடைத்த வருஷங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

உலகம் முழுக்க 16,000-க்கு மேற்பட்ட பெரிய திட்டங்களைத் தொகுத்த பெண்ட் ஃப்ளூபியர் சொல்லும் கணக்கு: சொன்ன செலவிலும் சொன்ன நாளிலும் முடிந்தவை 8.5 சதவீதம். சொன்ன பலனையும் தந்தவை 0.5 சதவீதம். இருநூறில் ஒன்று. ஆகவே நெய்வேலியை மட்டும் தனியாகக் கூண்டில் நிறுத்த வேண்டியதில்லை.

சுருக்கமாக

படித்ததில் எனக்குத் தேறியது இவ்வளவு. தேர்வு, பயிற்சி, வளர்ப்பு மூன்றையும் தனித்தனிப் பைலாக வைத்திருக்கிறோம். உண்மையில் மூன்றும் ஒன்றுதான். சின்ன வயசில் சின்ன வேலையை முழுசாகக் கொடுங்கள். அதுவே பயிற்சி. அதில் அவர் சந்துகளை எப்படிக் கவனித்தார் என்று குறித்து வையுங்கள். அதுவே தேர்வு. அடுத்து அதைவிடப் பெரியதைக் கொடுத்து, முடியும்வரை அவரை மாற்றாதீர்கள். அதுவே வளர்ப்பு.

நெய்வேலியில் இன்னும் நிலம் எடுக்க வேண்டியிருக்கிறது, இன்னும் சுரங்கம் நகர வேண்டியிருக்கிறது. அடுத்த கால்வாய்க்கும் ஒரு அட்டவணை இருக்கும், அதிலும் 'நிலம் நூறு சதவீதம்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை நம்பாமல் வரப்பில் இறங்கி நடக்கும் ஆள் இன்றைக்கு எங்கேயோ ஒரு ஸ்டோர்ஸிலோ ஷிப்டிலோ முப்பது வயசில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு இந்த வருஷ ஓவர்ஹாலைக் கொடுத்துப் பார்க்கலாமே.